ஹைட்ரஜன் எரிபொருள் சோதனை: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

ஹைட்ரஜனின் தூய்மையை யாரும் நேரடியாக அளப்பதில்லை. உள்ளே இருக்கும் மாசுகளை ஒவ்வொன்றாக அளந்து, கூட்டி, நூறிலிருந்து கழிக்கிறோம். மிச்சம்தான் தூய்மை. அளக்காமல் விட்ட மாசெல்லாம் ஹைட்ரஜன் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஃப்யூயல் செல் (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலம்) வண்டிகளுக்கான ஹைட்ரஜனுக்கு ஐஎஸ்ஓ 14687 என்ற சர்வதேசத் தரத்தின் 2019 பதிப்பு 99.97 சதவீதம் கேட்கிறது. அந்த எண் சுலபமாகத் தெரியும். கஷ்டம் தனித்தனி வரம்புகளில்தான் இருக்கிறது: நீர் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), ஆக்சிஜன் 5, நைட்ரஜன் 300, ஆர்கான் 300, மீத்தேன் 100, கார்பன் டை ஆக்சைடு 2, கார்பன் மோனாக்சைடு 0.2, அம்மோனியா 0.1, மொத்தக் கந்தகம் 0.004.

சென்னையில் இந்த வேலை இனி கூடத்தான் செய்யும். 2025 ஜூலையில் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியையே ஓட்டிச் சோதித்துவிட்டார்கள். ஆனால் இந்த ஊர்க் காற்றை வைத்துக்கொண்டு 5 பிபிஎம் ஈரத்தை அளப்பது தனிப் பாடு. அதனால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: சிலிண்டரைத் திருப்பி அனுப்புவதற்கு முன், கேஸ் வரும் குழாயைச் சந்தேகியுங்கள். ஒரு மாசின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்தெந்த எண்கள் சேர்ந்து ஏறின, எவை ஏறவில்லை என்று பாருங்கள். கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் தீப்பற்றும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. சாம்பிள் லைனின் (சோதனைக்குக் கேஸ் எடுத்துவரும் குழாயின்) வெளியேற்றம் கூரைக்கு மேலே, திறந்த வெளியில் போக வேண்டும். ஏசி அறைக்குள் "கொஞ்சம்தானே" என்று விடவே கூடாது.

ஈரம் 5 பிபிஎம்முக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். "அண்ணே, காலையிலிருந்து பர்ஜ் பண்றேன், 18-லயே நிக்குது, கேஸை ரிஜெக்ட் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். (பர்ஜ் என்றால் கேஸை ஓடவிட்டுக் குழாயில் இருப்பதை விரட்டுவது.) உடனே போட வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. மழைக்காலத்தில் சென்னைக் காற்றின் பனிநிலை (ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 டிகிரி வரை போகும். அப்போது அந்தக் காற்றில் சுமார் 30,000 பிபிஎம் நீராவி இருக்கிறது. ஆக்சிஜன் எப்போதும் 2,10,000 பிபிஎம். அதாவது, வெளிக்காற்று கசிந்து உள்ளே வந்தால், ஈரம் 1 ஏறும்போது ஆக்சிஜன் 7 ஏற வேண்டும். ஈரம் 18 காட்டுகிறது, ஆக்சிஜன் 1-க்குக் கீழே இருக்கிறது என்றால் அது காற்றுக் கசிவே இல்லை. ஃபிட்டிங்கை இறுக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஈரம் தனியாக வருகிறது.

தனியாக எப்படி வரும்? முதலில் குழாய் எதனால் ஆனது என்று பாருங்கள். டெஃப்லான், நைலான், ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவே நீராவி ஊடுருவும். "உள்ளே 5 பார் அழுத்தம் இருக்கிறதே, வெளியிலிருந்து எப்படி உள்ளே வரும்?" என்று பலரும் கேட்பார்கள். நீராவிக்கு மொத்த அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல. அதனுடைய சொந்தப் பகுதி அழுத்தம் எங்கே குறைவோ அங்கே போகும். வெளியே சுமார் 30 மில்லிபார், உள்ளே அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அழுத்தத்தை எதிர்த்தே உள்ளே நுழையும். ரெகுலேட்டரிலிருந்து ஈரமானி வரைக்கும் நடுவில் ஒரு முழம் டெஃப்லான் குழாய் இருந்தாலும் போதும். அதைக் கழற்றி, உள்சுவர் மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போடுங்கள். ரெகுலேட்டருக்குள் ரப்பர் டயஃப்ரம் இருந்தால் அதையும் மாற்றி, உலோக டயஃப்ரம் உள்ளதாகப் போடுங்கள்.

குழாய் ஏற்கெனவே ஸ்டீல்தான் என்றால், சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் மெல்ல மெல்லக் கழன்று வருகிறது. இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, ஓட்டத்தை மாற்றிப் பார்ப்பது. நிமிடத்துக்கு 1 லிட்டர் போவதை 2 லிட்டர் ஆக்குங்கள். ஈரம் 18-லிருந்து 9-ஐ நோக்கி இறங்கினால், குழாய் ஒரே வேகத்தில் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, கூடுதல் கேஸ் அதைக் கரைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். குற்றவாளி குழாய். ஓட்டத்தை இரட்டிப்பாக்கியும் 18 அசையவில்லையா? ஈரம் கேஸிலேயே இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு அரை மணி நேரம் ஆகலாம். ஒரு சிலிண்டர் போக வர ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் காற்றுக்கு அளவு குறித்ததா என்று கவனியுங்கள். ஹைட்ரஜன் மிக லேசானது. காற்றுக்கான அளவுகோலில் 1 லிட்டர் காட்டும்போது உண்மையில் கிட்டத்தட்ட 3.8 லிட்டர் ஹைட்ரஜன் போகிறது.

இன்னொரு அடையாளம்: மதியம் ஏறி, நள்ளிரவில் இறங்கும் ஈரம். கேஸுக்கு மணி தெரியாது. குழாய்ச் சுவர் சூடாகும்போது ஒட்டிய ஈரம் கழலும், குளிரும்போது திரும்ப ஒட்டும். கத்திரி வெயிலில் வெளிச்சுவர் ஓரமாகப் போகும் லைனில் இது அப்பட்டமாகத் தெரியும். லைனை ஹீட்டிங் டேப் சுற்றிச் சூடாக்கி, உலர்ந்த கேஸை ஓடவிட்டு, பிறகு ஆறவிடுங்கள். சும்மா பர்ஜ் செய்துகொண்டே இருந்தால் ஒரு நாள் ஆகும் வேலை சூட்டில் சில மணி நேரத்தில் முடியும். ஹைட்ரஜனுக்குப் பதிலாக உலர் நைட்ரஜன் ஓடவிட்டு இதைச் செய்வதுதான் பாதுகாப்பு. முடித்த பிறகு அந்த நைட்ரஜனை நன்றாக விரட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைவலி நைட்ரஜனில் வரும்.

ஈரமானியும் சப்ளையரின் தாளும் ஒத்துப்போகவில்லை

முதலில் இரண்டு பேரும் எந்த அழுத்தத்தில் பனிநிலையைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். வளிமண்டல அழுத்தத்தில் 5 பிபிஎம் ஈரம் என்றால் பனிநிலை சுமார் மைனஸ் 65 டிகிரி. அதே கேஸை 10 பார் அழுத்தத்தில் அளந்தால் சுமார் மைனஸ் 48 வரும். ஆனால் வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 48 என்றால் அது 50 பிபிஎம். அழுத்தம் எழுதாத பனிநிலை எண்ணால் பத்து மடங்கு பிழை வந்துவிடும். எல்லாவற்றையும் பிபிஎம்முக்கு மாற்றி எழுதுவதே நல்லது.

பாஸ்பரஸ் பென்டாக்சைடு பூசிய மின்பகுப்பு வகை ஈரமானியை ஹைட்ரஜனில் வைத்தால் நிஜத்தைவிட அதிகமாகவே காட்டும். நீரைப் பிரித்து வரும் ஆக்சிஜன், சுற்றியிருக்கும் ஹைட்ரஜனோடு பிளாட்டினம் மின்முனையில் மறுபடி சேர்ந்து நீராகி, அதே நீரைத் திரும்பத் திரும்ப எண்ண வைக்கும். இதைக் கருவியின் கோளாறாக நினைக்காதீர்கள். ஹைட்ரஜனுக்கு அந்த வகை பொருந்தாது, அவ்வளவுதான். குளிர்க் கண்ணாடி வகையோ லேசர் வகையோ பயன்படுத்துங்கள். குளிர்க் கண்ணாடி மைனஸ் 60-க்குக் கீழே மிக நிதானமாகத்தான் உறைபனி பிடிக்கும். அவசரப்பட்டு எண்ணை எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஈரம் குறிப்பிட்ட இடைவெளியில் முள் முள்ளாக ஏறுகிறது

உற்பத்தி இடத்திலேயே அளக்கிறீர்கள் என்றால், உலர்த்தும் கோபுரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் கோபுரத்தைச் சூடாக்கி மீட்கும் சுற்று போதவில்லை, அல்லது மாற்றும் வால்வு கசிகிறது.

ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்து ஏறுகின்றன

இரண்டையும் வகுத்துப் பாருங்கள். நைட்ரஜன், ஆக்சிஜனைப் போல் சுமார் 3.7 மடங்கு இருந்தால் அது காற்று. சாம்பிள் எடுத்தபோது குழாயில் மிச்சமிருந்த காற்றா, தொடர்ந்து கசியும் காற்றா என்று அடுத்து பிரித்துப் பாருங்கள். அதே சாம்பிளைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது எண் இறங்கிக்கொண்டே போனால் மிச்சக் காற்று. ஒரே இடத்தில் நின்றால் கசிவு.

மிச்சக் காற்றை விரட்ட ஓடவிடுவதைவிட அழுத்தி விடுவதே மேல். மூடிய முனை உள்ள டீ ஃபிட்டிங்குகளுக்குள் ஓட்டம் போகாது, அழுத்தம் போகும். 10 பாருக்கு நிரப்பி 1 பாருக்கு இறக்கினால் ஒவ்வொரு முறையும் காற்று பத்தில் ஒரு பங்காகும். 2,10,000 பிபிஎம் ஆக்சிஜன் ஆறு முறையில் 0.2-க்கு வந்துவிடும். ஈரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது என்பதை மறந்துவிடாதீர்கள். அது சுவரை விட்டு வராது.

நைட்ரஜன் மட்டும் ஏறியதா? பர்ஜ் மிச்சம். அதனால் ஃப்யூயல் செல்லுக்கு விஷம் இல்லை, நீர்த்துப்போகும், அவ்வளவே. ஆக்சிஜன் மட்டும் ஏறியதா? நீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்பகுப்பு முறையில் தயாரித்த ஹைட்ரஜன் என்றால், இரண்டு வாயுக்களையும் பிரித்து வைக்கும் சவ்வைத் தாண்டி வந்த ஆக்சிஜனாக இருக்கும். அதை எரித்து நீராக்கும் பல்லேடியம் வினையூக்கிப் படுகை ஆலையை இயக்கத் தொடங்கும் நேரத்தில் குளிர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்பாக ஒன்றைச் சரிபாருங்கள்: குரோமட்டோகிராஃபில் (கேஸ் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) மூலக்கூறு சல்லடை நிரப்பிய பிரிப்புக் குழாயில், சாதாரண வெப்பநிலையில் ஆக்சிஜனும் ஆர்கானும் ஒரே உச்சியாக வரும். 20 பிபிஎம் ஆர்கானை 20 பிபிஎம் ஆக்சிஜன் என்று படித்து, நல்ல கேஸை ஒதுக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. ஆர்கானின் வரம்பு 300, ஆக்சிஜனின் வரம்பு 5.

கார்பன் டை ஆக்சைடு 2-ஐத் தாண்டினால் காற்றின் மீது பழி போடாதீர்கள். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்தான். காற்றுக் கசிவால் 2 பிபிஎம் வர வேண்டுமென்றால் ஆக்சிஜன் ஆயிரம் பிபிஎம் காட்டியிருக்கும்.

கசிவு தேட சோப்புத் தண்ணீரை எடுக்காமல் இருப்பது நல்லது. அளக்க வந்த ஈரத்தையும் ஹைட்ரோகார்பனையும் நாமே பூசுகிறோம். அழுத்தி மூடி வைத்து இறக்கத்தைப் பாருங்கள், பிறகு ஹைட்ரஜன் மோப்பக் கருவியால் ஒவ்வொரு ஃபிட்டிங்காகப் போங்கள்.

கையடக்கக் கருவி நூற்றுக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு காட்டுகிறது

மின்வேதி உணரி உள்ள சாதாரணக் கார்பன் மோனாக்சைடு கருவி ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடாகவே எண்ணும். அந்த எண்ணை அறிக்கையில் எழுதக் கூடாது. 0.2 பிபிஎம் அளவைப் பார்க்க மெத்தனைசர் (கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றும் பகுதி) வைத்த குரோமட்டோகிராஃப் வேண்டும், அல்லது ஹீலியம் அயனியாக்க உணரியோ நல்ல அகச்சிவப்புக் கருவியோ வேண்டும்.

மெத்தனைசரில் எதிர்ப்பக்கமான ஆபத்து ஒன்று உண்டு. அதன் நிக்கல் வினையூக்கியைக் கந்தகம் கெடுத்துவிடும். கெட்ட பிறகு கார்பன் மோனாக்சைடு மீத்தேனாக மாறாது, எண் அழகாகக் குறைந்துவிடும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அளவு தெரிந்த சோதனைக் கேஸை ஒவ்வொரு நாளும் முதலில் ஓட்டுங்கள். மீத்தேன் சரியாக வந்து, கார்பன் மோனாக்சைடு மட்டும் குறைந்தால் நிக்கல் போய்விட்டது.

இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு நிஜமாகவே ஏறலாம். அழுத்த ஊசல் முறையில் (அழுத்தத்தை ஏற்றி மாசுகளை ஒட்டவைத்து, இறக்கி விரட்டும் முறை) சுத்தம் செய்யும் படுகை நிறையும்போது நைட்ரஜனும் ஆர்கானும் முன்னே தப்பும், பின்னாலேயே கார்பன் மோனாக்சைடு வரும். நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஏறி, ஆக்சிஜன் அசையாமல் இருந்தால் ஆலைக்கு உடனே சொல்லுங்கள். அது குழாயின் தவறல்ல.

கந்தகம் எப்போதும் பூஜ்யம்

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த அறிகுறிதான், ஏனென்றால் யாரும் இதைப் புகாராகவே கொண்டுவருவதில்லை. வரம்பு 0.004 பிபிஎம், அதாவது நூறு கோடியில் 4 பங்கு. அந்த அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு, பூச்சில்லாத ஸ்டீல் சுவரில், அதுவும் கொஞ்சம் ஈரமிருந்தால், வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். கருவிக்கு வருவது வெறும் ஹைட்ரஜன். அறிக்கை சுத்தமாக இருக்கும்; வண்டியின் பிளாட்டினம் வினையூக்கி கெடும். கந்தகத்தால் வரும் கேடு கார்பன் மோனாக்சைடு போலச் சுலபத்தில் திரும்பாது.

பூஜ்யத்தை நம்ப வேண்டுமானால் மீட்புச் சோதனை செய்யுங்கள். வரம்புக்குப் பக்கத்தில் அளவு தெரிந்த கந்தகக் கேஸை சாம்பிள் நுழையும் அதே முனையில் செலுத்தி, மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். கருவியின் வாயில் நேரடியாகச் செலுத்திப் பார்த்தால் கருவி நலமாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். பாதிகூட வரவில்லையென்றால் உட்சுவரில் சிலிக்கா பூசிய குழாயும் சிலிண்டரும் தேவை. ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம், அம்மோனியா மூன்றுக்கும் இதே கதைதான். சாம்பிளை வாரக்கணக்கில் வைத்திருந்து அளந்தால் அவை இருந்த இடம் தெரியாது.

சான்றிதழில் 99.999, ஆனால் ஸ்டாக் (ஃப்யூயல் செல் அடுக்கு) வோல்டேஜ் விழுகிறது

ஐந்து ஒன்பது என்றால் மொத்த மாசு 10 பிபிஎம். அந்தப் பத்தில் 1 பிபிஎம் கார்பன் மோனாக்சைடாக இருந்தாலே வரம்பைப் போல் ஐந்து மடங்கு. ஒன்பதுகளின் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, தாளில் எந்தெந்த மாசுகளை அளந்தார்கள், எந்த அளவு வரை பார்க்க முடிந்தது என்று படியுங்கள். வோல்டேஜ் சட்டென விழுந்து, சுத்தமான கேஸ் கொடுத்ததும் ஏறினால் கார்பன் மோனாக்சைடைத் தேடுங்கள். விழுந்தது விழுந்தபடி இருந்தால் கந்தகம், அம்மோனியா. மெல்ல விழுந்து, ஆனோடு (ஹைட்ரஜன் நுழையும் பக்கம்) பர்ஜ் செய்ததும் மீண்டால் நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது.

டிஸ்பென்சர் (வண்டியில் ஹைட்ரஜன் நிரப்பும் கருவி) காட்டும் கிலோவும் டேங்கில் ஏறிய கிலோவும் ஒன்றாக இல்லை

இங்கேயும் ஒரு தடவை அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. சின்ன நிரப்பு, பெரிய நிரப்பு, மெதுவான நிரப்பு என்று செய்து, பிழையைக் கிராமில் எழுதிப் பாருங்கள்.

ஒவ்வொரு நிரப்பிலும் ஏறத்தாழ அதே கிராம் குறைந்தால், மீட்டருக்கும் நாசிலுக்கும் நடுவில் இருக்கும் கொள்ளளவுதான் காரணம். மீட்டர் எண்ணிய கேஸில் ஒரு பகுதி ஹோஸிலேயே தங்கி, கழற்றும்போது வெளியே போகிறது. அந்த இடைவெளி 1 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 35 மெகாபாஸ்கலில் (350 பார்), 15 டிகிரியில், அதற்குள் 24 கிராம் ஹைட்ரஜன் இருக்கும். 1 கிலோ நிரப்பில் அது 2.4 சதவீதம், 5 கிலோவில் அரை சதவீதம்கூட இல்லை. 70 மெகாபாஸ்கல் என்றால் 40 கிராம். இதை மென்பொருளில் திருத்த வேண்டும். மீட்டரின் காரணியை (அளவைப் பெருக்கும் திருத்த எண்ணை) திருகிச் சரிசெய்தால் சின்ன நிரப்பு சரியாகி, பெரிய நிரப்பு கெடும். சர்வதேசச் சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 139 பரிந்துரைப்படி 2-ஆம் வகுப்பு டிஸ்பென்சருக்குப் பயன்பாட்டில் அனுமதி 3 சதவீதம். ஹோஸ் ஒன்றே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடலாம்.

எல்லா நிரப்பிலும் சதவீதம் மாறாமல் இருந்தால்தான் மீட்டரின் காரணி தவறு. நிரப்ப எடுத்த நேரத்தோடு கிராம் ஏறினால் கொரியோலிஸ் மீட்டரின் (ஓடும் கேஸின் நிறையை நேரடியாக அளக்கும் மீட்டர்) பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. இருபுறமும் வால்வை மூடி, உள்ளே வேலை அழுத்தத்தில் ஹைட்ரஜன் நிற்கும்போது, வேலை வெப்பநிலையில் பூஜ்யம் வையுங்கள். காலையில் சாதாரணச் சூட்டில் வைத்த பூஜ்யம் மைனஸ் 40 டிகிரி கேஸ் வரும்போது அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பில்லில் வித்தியாசம் 5, 6 சதவீதம் என்றால் மீட்டரைத் தொடாமல் முதலில் அலகைக் கேளுங்கள். 1 கிலோ ஹைட்ரஜன் 0 டிகிரியில் 11.1 கனமீட்டர், 15 டிகிரியில் 11.7, 20 டிகிரியில் 11.9. ஒருவர் 0 டிகிரிக் கணக்கிலும் மற்றவர் 15 டிகிரிக் கணக்கிலும் இருந்தால் இருவரும் சரியாக அளந்தும் சண்டை வரும். கிலோவில் பேசிக்கொள்ளுங்கள்.

அழுத்தமும் வெப்பநிலையும் வைத்து டேங்கின் கிலோவைக் கணக்கிடுபவர்கள் பள்ளிப் பாடச் சமன்பாட்டை (PV = nRT) அப்படியே போடக் கூடாது. 35 மெகாபாஸ்கலில் அது லிட்டருக்கு 29 கிராமுக்கு மேல் சொல்லும், உண்மை 24. நிரப்பி முடிந்த உடனே டேங்கு சூடாக இருக்கும். 3 டிகிரி தவறினால் 1 சதவீதம் போச்சு. ஆறும்வரை காத்திருங்கள்.

தராசு நிலைகொள்ளவில்லை

சரிபார்க்க நம்பகமான வழி டேங்கை எடை போடுவதுதான். 100 கிலோவுக்கு மேல் கனக்கும் டேங்கில் ஏறிய ஒன்றிரண்டு கிலோவைக் கிராம் அளவில் பார்க்கிறோம் என்பதால், எதுவும் சின்ன விஷயமில்லை. எடை ஏறிக்கொண்டே போனால் டேங்கின் வால்வையும் இணைப்புக் குழாயையும் விரலால் தொட்டுப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு. முன்குளிர்வித்த கேஸ் போன உலோகத்தின் மேல் சென்னைக் காற்றின் ஈரம் முதலில் வெள்ளை உறைபனியாகப் படியும், பிறகு உருகிச் சொட்டும். படியும்போது எடை ஏறும், சொட்டும்போது இறங்கும். தராசைச் சுற்றிக் கூண்டு வைத்து உள்ளே உலர்ந்த காற்றை ஊதினால் உறைபனி படிவதே குறையும். அதே கூண்டு மதியத்துக்கு மேல் எழும் கடற்காற்றையும் தடுக்கும்.

அழுத்தத்தில் டேங்கு உப்புவதால் காற்றின் மிதப்பு கூடி எடை கொஞ்சம் குறைவாகக் காட்டும். டேங்கின் வெளிக் கனஅளவு 1 லிட்டர் கூடினால் 1.2 கிராம். சின்ன நிரப்பில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஹோஸைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, உலோகம் அறைச் சூட்டுக்கு வந்து, தராசு ஒரே எண்ணில் நின்ற பிறகு எழுதுங்கள். பக்கத்திலேயே அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் குறித்து வையுங்கள். மிதப்புக் கணக்குக்கு மூன்றும் வேண்டும்.